புதன்கிழமை மீன் குழம்பு

"துப்பு! துப்புங்கிறேன்!"

அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த புருஷன் அவள் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

அவள் துப்பினாள்.

மஞ்சள் மாத்திரைகள். எச்சிலில் ஊறி, ஓரம் கரைந்து.

"என்னத்துக்கு இந்தக் கத்து கத்துதிய? ஞாயித்துக்கெழம மாத்திர போடாண்டாமா?"

இன்று புதன்.

முடக்குவாதத்துக்கு அவள் போடுவது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. இடையில் இன்னொரு நாள் போட்டால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் அதை யார் கையிலும் விடமாட்டாள். விரல்கள் கோணிப்போய், சேலைக்குக் கொசுவம் வைப்பதும் தலை பின்னுவதும் அவர் வேலையான பிறகும், அந்த மாத்திரை மட்டும் அவள் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு வாரம் தப்பியதில்லை.

போட்ட மறுநாள் வாய் கசக்கும். சோறு இறங்காது. அதனால் ஞாயிறு மதியம் மீன் குழம்பு, வயிறு நிறைய. கை கழுவியதும் மாத்திரை. அந்த வீட்டு வழக்கம் அது.

இன்று காலை எதிர்வீட்டு லூர்து சீலா மீன் கொண்டுவந்து கொடுத்தார். கெட்டுப்போகுமே என்று இவர் குழம்பு வைத்தார். அவ்வளவுதான் செய்தது.

"மீன் தின்னோம்லா?" என்றாள்.

அடக் கடவுளே. கிழமை நினைவு போய்விட்டது அவளுக்கு. மீனை வைத்து நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை வாரமாகவோ.

போன மாதம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். உடம்பு தன்னையே எதிரி என்று அடிக்கிற நோய் இது. மூட்டோடு நின்றுவிடும் என்றில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்கிறார்கள். கவனித்துக்கொள்ளுங்கள்.

வரும் என்று சொல்லவில்லையே. அதையே பிடித்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்.

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வாய்க்குள் வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"எனக்கு என்ன ஆவுது?"

அவருக்கு அலுப்பாக இருந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கிறுக்கு பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழமன்னு நெனச்சு மீன வச்சு, ஒன்னையும் கொழப்பி விட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த பயம் மெல்ல வடிந்தது. அந்த இடத்துக்கு இரக்கம் வந்தது.

"வயசாவுதுல்லா," என்றாள். "வெசனப்படாதிய."

எழுந்து போய், அலமாரியில் இருந்த அவருடைய பிரஷர் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனி இதையும் நானே பாத்துக்கிடுதேன். இன்னைக்குப் போட்டியளா?"

"காலைலேயே போட்டாச்சு."

"ஆமா, ஒங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது."

விரல்கள் மடங்காததால் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு மாத்திரையை இடுக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் வாயைத் திறந்தார்.