முகத்த மூடாதீங்க

"பால்வினை நோய்னு சந்தேகம் வந்தா, வெட்கப்படாம டெஸ்ட் எடுத்துடணும்," என்றாள் காரைக்கால் பள்ளி நர்ஸ் சுகிர்தா.

பதினோராம் வகுப்பு ஓவியா எழுந்தாள். "யாராச்சும் பாத்துட்டா, சிஸ்டர்?"

"பாக்கட்டுமே! முகத்த மூடிக்கிட்டுப் போக நாம என்ன கொலையா பண்ணிட்டோம்?"

வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை, காரைக்கால்காரர் கண்ணில் படாத நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி. பால்வினை நோய்ப் பிரிவு பெஞ்சில் அம்மாவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள் ஓவியா.

"முக்காட்ட எடும்மா. நாம என்ன கொலையா பண்ணிட்டோம்? எங்க சிஸ்டரே சொன்னாங்க."

அம்மா தயங்கித் தயங்கி எடுத்தாள்.

பக்கத்தில், கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றியிருந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியது. புருஷன் கொண்டுவந்த வினை. எழுந்து போனால் நடையே காட்டிக்கொடுத்துவிடும். துப்பட்டாவை இன்னும் இறுக்கினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அடுத்து காரைக்கால் சுகிர்தா! யாரும்மா அது?"