குசினித் தூண்

"மேரிக்கு எழுதிப்போட்டது கீழ்க்கடைத் தவரத்தினம்தான். வேறை ஆர்?" என்றாள் கமலராணி.

மேரியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஆள் வருகிறார் என்று காலையில்தான் தெரிந்தது. வந்தால் தூணைப் பார்ப்பார்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் அவர்கள் வீடு. நேர் கீழே தவரத்தினத்தின் பலசரக்குக் கடை. கடைக்குள்ளிருந்து எழும் மரத்தூண் கமலராணி சமைக்கும் குசினியின் மூலை வழியாக மேல்மாடியைத் தாங்கப் போகிறது. அதைக் கறையான் தின்றுகொண்டிருந்தது.

"எங்களைக் கலைச்சுப்போட்டு இஞ்சை அரிசி மூட்டை அடுக்கப் போறார். முந்தியும் இந்த வீட்டைக் கேட்டவர்தானே?"

கணவன் புண்ணியமூர்த்தி குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினான். வீட்டுக்காரன் எமில் சொன்னதே அவன் தலைக்குள் ஓடியது: 'மேரி பார்த்தால் வீட்டைப் பூட்டிவிடும். பிறகு நீங்கள் ரோட்டில்தான்.' கைக்குழந்தையோடு எங்கே போவது?

கமலராணி தூணில் ஏறியிருந்த மண்கோட்டைச் சுரண்டினாள். மஞ்சள் தண்ணீரால் கழுவினாள். ஓட்டைக்கு மேல் முருகன் கலண்டரை மாட்டினாள்.

"சாமிப் படத்திலை கை வைக்கமாட்டாங்கள்."

கதவு தட்டப்பட்டது. மேரி அதிகாரி. பின்னால், மொழிபெயர்க்க, தவரத்தினம்.

அதிகாரி சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். கலண்டர் முன் மரியாதையாக நின்று, அப்பால் நகர்ந்தார். கமலராணிக்கு மூச்சு வந்தது.

தவரத்தினம் நேரே போய், கலண்டரை இரண்டு கையாலும் கழற்றி மேசையில் வைத்தார்.

அதிகாரி திரும்பி வந்து தூணின் ஓட்டையில் ஸ்குரூட்ரைவரை அழுத்தினார். அது பிடிவரை உள்ளே போனது.

"நீங்களும் ஒரு மனிசனோ அண்ணை?" என்றாள் கமலராணி.

அதிகாரி பேசினார். தவரத்தினம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இண்டைக்கே வெளிக்கிட வேணுமாம்."

"இப்ப சந்தோசமோ?"

"பொறு தங்கச்சி, அவர் இன்னும் முடிக்கேல்லை." கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். "திருத்தி முடியுமட்டும் எமில்தான் உங்களுக்கு வேறை வீடு தரவேணுமாம். அவன் தராட்டி மேரி தருமாம். அதுவரைக்கும் வாடகையும் இல்லையாம். சட்டம் அப்பிடித்தான். எமில் உங்களுக்கு அதைச் சொல்லேல்லை."

கமலராணி குழந்தையை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள்.

புண்ணியமூர்த்திக்குத்தான் அது தோன்றியது. "அப்ப உங்கடை கடை, அண்ணை?"

"அதே தூண்தானே தம்பி. கடையையும் பூட்டச் சொல்லிப்போட்டார்."

"உங்களுக்கும் வேறை இடம் தருவினம் என்ன?"

"இல்லை. குடியிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம், கடைக்கு இல்லை," என்றார் தவரத்தினம். "அதையும் விசாரிச்சுப்போட்டுத்தான் எழுதினனான்."