பதில் சொல்லும் வான்கோழி

"வேட்டை சீசனுக்கு ஆளுக்கு ஒரு வான்கோழிதான், ஹார்லன். போன வாரமே சுட்டுட்டேன்னியே, மறுபடியும் எதுக்குத் துப்பாக்கியோட கிளம்பிட்ட? வெக்கமா இல்ல?"

மிச்சிகன் காட்டு வழியில், தானும் வேட்டைத் துப்பாக்கியோடு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் டாய்ல் மறித்துக்கொண்டார்.

ஹார்லன் துப்பாக்கியை நீட்டினார். டாய்ல் திறந்து பார்த்தார். தோட்டாவே இல்லை.

"அப்போ சுட்டேன்னது?"

"பொய். இல்லன்னா துணைக்கு வரேன்னு நீ வந்து நிப்ப. துப்பாக்கி வெறும் பழக்கத்துக்குத்தான்."

ஹார்லன் பெட்டை வான்கோழியைப் போலக் குரல் கொடுத்தார். காட்டுக்குள்ளிருந்து சேவல் ஒன்று உடனே பதில் குரல் கொடுத்தது.

"என் சம்சாரம் மார்லிஸ் கண்ணை மூடினப்புறம், நான் கூப்பிட்டா ஏன்னு கேக்க வீட்டுல ஆளில்ல, டாய்ல். இது ஒண்ணுதான் கேக்குது. இதைப் போய் சுடுவேனா?"

டாய்ல் தன் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.