வேறு வழியே இல்லை

“அந்தச் சுருளைப் பிரிக்கவே வேண்டாம் சார். ஒரு மனைக்கு நாலு பேர் நாலு படம் போடுவாங்க. என் கட்சிக்காரர் கொடுத்த படம் சட்டப்படி சரியா, இல்லையா? அதை மட்டும் பாருங்க” என்றார் கட்டட முதலாளியின் வக்கீல்.

கட்டட அனுமதிக் குழுவின் தலைவர் தலையசைத்தார். “அவர் சொல்றது சரிம்மா. இதைவிட நல்ல திட்டம் இன்னொண்ணு இருக்குங்கிறதுக்காக ஒரு மனுவைத் தள்ள முடியாது. சட்டம் அப்படி.”

தையல்காரப் பெண்கள் ‘பாபின் அக்கா’ என்று கூப்பிடுபவள், மடியிலிருந்த வரைபடச் சுருளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தையல்கூடத்தில் இருபத்தாறு பெண்கள். பக்கத்து மனையில் ஒன்பது மாடி எழும்பினால் ஆறு ஜன்னலும் இருண்டுவிடும். டியூப்லைட்டில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுபோலத்தான் தெரியும். எம்பிராய்டரி செய்து அனுப்பியதெல்லாம் திரும்பி வரும். அப்புறம் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

“அவ்வளவுதானாக்கா?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை காதைக் கடித்தாள்.

“பொறுடி. வக்கீலுக்கு வாய் சும்மா இருக்காது. இன்னும் பேசுவார்.”

பேசினார். “வெளிச்சம் கொஞ்சம் குறையும், மறுக்கல. ஆனா அந்த மனையில வேற எப்படியும் கட்ட முடியாது. வேற வழி இருந்தா, என் கட்சிக்காரர் இந்தப் பெண்கள் வயித்துல அடிப்பாரா?”

தலைவர் பேனாவை மூடினார். “வக்கீல் சார், வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க. வேற வழி இல்லைங்கிறதையே காரணமாச் சொன்னா, உண்டா இல்லையான்னு நான் பார்த்தே ஆகணும். கொண்டாங்கம்மா அந்தப் படத்தை.”

சுருள் மேசையில் விரிந்தது. ஆறு மாடி. தையல்கூடத்தின் பக்கம் இருபதடி திறந்தவெளி.

வக்கீல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “யாரோ கத்துக்குட்டி கிறுக்கினது. லிப்ட் எங்கே? தண்ணித் தொட்டி எங்கே? தொழில் தெரிஞ்சவன் இதைக் கையால தொடமாட்டான்.”

வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்த கட்டட முதலாளி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“இருங்க, நான் பார்த்துக்கறேன்” என்றார் வக்கீல்.

“லிப்ட் இதோ. தொட்டி இதோ” என்று தலைவர் விரலால் காட்டினார். படத்தின் மூலையைப் படித்ததும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். “தாராளமாக் கட்டலாம். அப்போ நீங்க சொன்ன காரணம் நிக்கல. ஒன்பது மாடி மனு தள்ளுபடி.”

தங்கை அக்காவின் கையை அழுத்தினாள்.

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. “இதைப் போட்டது யாரும்மா? பேரைச் சொல்லுங்க. மேல்முறையீட்டுல அந்த ஆளைக் கூண்டுல ஏத்தி, சந்தி சிரிக்க வெக்கறேன்.”

அக்கா படத்தை நிதானமாகச் சுருட்டினாள். “இந்த ஆபீஸ்லயே நகல் எடுத்தது சார். ஏழு வருஷம் முன்னால இதே மனைக்கு அனுமதி வாங்கி, கட்டாமலே விட்ட படம்” என்றாள். “வாங்கினவர்தான் உங்க கோட்டை இன்னும் விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கார்.”