முழுக்கை நைட்டி

கீமோ முடிந்ததும் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட, களைப்பை அளக்கும் வளையல் சிவப்பாக எரிந்த வரைக்கும், இந்துமதியை வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவ விடவில்லை. எல்லா வேலையும் நாத்தனார் பிரமிளாவின் தலையில்தான்.

வளையல் பச்சைக்கு மாறி வாரக்கணக்காகிறது. இந்துமதி அதை முழுக்கை நைட்டிக்குள் மறைத்து வைத்திருந்தாள். உடம்பு தேறிவிட்டது, பயம்தான் தேறவில்லை என்று யாரிடம் சொல்வது? சொல்லாமல் படுத்திருப்பது சுலபமாக இருந்தது. நிஜத்தைச் சொன்னால், சுகமாகவும் இருந்தது.

இன்று குளிக்கும்போது கழற்றியவள், குழாய் மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்து படுத்தாள்.

"ஏன் அண்ணி, இதை இப்படியா போட்டுட்டு வருவீங்க? வாளியில விழுந்திருந்தா?"

துணி துவைத்துவிட்டு வந்த பிரமிளா, பத்திரமாக இருக்கட்டுமென்று வளையலைத் தன் கையிலேயே மாட்டியிருந்தாள்.

தீர்ந்தது கதை என்று நினைத்தபடி நிமிர்ந்தாள் இந்துமதி. வளையல் சிவப்பாக எரிந்தது.

"பாருங்க, இன்னும் சிவப்பு மாறவே இல்ல. எந்திரிக்காதீங்க, கஞ்சி கொண்டாறேன்."

போட்டிருப்பவரின் களைப்பைத்தான் அது காட்டும் என்று பிரமிளாவுக்குத் தோன்றவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"பிரமி, நில்லு."

இந்துமதி எழுந்து வந்து, அந்த வளையலைக் கழற்றித் தன் கையில் மாட்டினாள். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

பிரமிளா அதையே பார்த்தாள். "எப்பலேருந்து அண்ணி?"

இந்துமதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டிலுக்குப் போய்ப் போர்வையை உதறி விரித்தாள்.

"நீ இதுல படு. கஞ்சி நான் வைக்கிறேன்."