மூன்றாவது வரிசை

மூன்றாவது வரிசையில் ஏழாவது நாற்றை நட்டு நிமிர்ந்தபோது, முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

நான் திரும்பவில்லை.

என் வீட்டுக்காரரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். இரண்டு பயணத்துக்கும் என் தோள்தான் வண்டி.

வலது காலில் பலம் திரும்பிவிட்டது, இனி அவராக எழுந்து நடந்தால்தான் உண்டு என்று போன வாரம் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இப்படியே உட்கார்ந்திருந்தால் இருக்கிற பலமும் போய்விடுமாம்.

மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. விழுந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம். எழுந்திருக்கவே மாட்டாரோ என்று எனக்குப் பயம்.

ஊரெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறவர். எங்கள் வாசல் மட்டும் பன்னிரண்டு வருஷமாக ‘அடுத்த மாசம்’. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அந்த வெறும் மண்ணில் நான் தைம் என்கிற வாசனைச் செடியை நட இறங்கிவிட்டேன். தரையோடு தரையாகப் படரும் வகை. மேலே நடக்கலாம், மிதித்தால் ஓமம் போல மணக்கும்.

விதை என்று பேர்தான், பார்த்தால் தூசி. மண் போட்டு மூடவும் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தட்டில் மண்ணைப் பரப்பி மேலாகத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து, பதினெட்டு நாள் காத்திருந்தேன். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று கட்டிலில் படுத்தபடி கிண்டல் செய்தார். பத்தொன்பதாம் நாள் பச்சை தெரிந்ததும், தட்டைக் கொண்டுபோய் அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அதோடு கிண்டல் நின்றது.

இப்போது நாற்றுகள் இரண்டு விரல் உயரம். சாண் இடைவெளியில் முதல் வரிசை ஒழுங்காக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதுதான் நடுவில் இடுப்பை வளைத்துக்கொண்டு மதில் பக்கம் போனது.

“கோணலாப் போகுது.”

“எனக்கு நேராத்தாங்க தெரியுது.”

பின்னால் பெருமூச்சு கேட்டது. ஒரு நூல் விலகியதற்காக, ஒட்டி முடித்த ஹாலையே பெயர்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஒட்டியவர் அவர்.

எட்டாவது நாற்றை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. சுவரில் உள்ளங்கை உரசியது. பிறகு செருப்பு இழுபடும் சத்தம்.

ஒன்று. இரண்டு.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டேன்.

ஐந்தில் நின்றது. என் மூச்சும்தான்.

ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

அவர் நிழல் நாற்றுகளின் மேல் விழுந்தது. மதிலைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி, என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோணலாக நின்ற நாற்றுகளை இடது கையால் ஒவ்வொன்றாக மண்ணோடு எடுத்து உள்ளே தள்ளி வைத்தார். ஒரு கண்ணை மூடி, வரிசையின் நீளத்துக்கும் பார்த்தார். திருப்தி.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெயில் கண்ணில் குத்துகிறது என்று சொல்லி முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டேன். படர்ந்து மூடிவிட்டால் அடுத்த வருஷம் எந்த வரிசை தெரியப்போகிறது? அதை நான் சொல்லவில்லை.

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

“இருபது வருஷமா ஊருக்கே துணி தச்சுக் குடுக்குற. உன் கையில ஒரு கோடு கோணலாப் போய் நான் பார்த்ததில்ல. நாளைக்கு நீ எந்த வரிசையக் கெடுக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லிடு, நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வர்றேன்.”