மேட்டுப் பக்கமே காட்டுகிறவர்

இதை எனக்கு முதலில் சொன்னது தெல்மா. எங்கள் கங்காரு நாட்டில் குளிர்காலமான போன ஜூன் மாதத்தில், தேவாலயச் சமையலறையில் இருவரும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது.

“அந்த மெர்வ் மாதிரி பேராசை பிடிச்ச மனுஷனை நான் பாத்ததே இல்லை” என்று ஆரம்பித்தாள்.

எங்கள் ஊர் வில் சங்கத்தார் குளிர்காலச் சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போவார்கள். பாம்பெல்லாம் அடங்கியிருக்கும் காலம். வட்டம் வரைந்த பலகை எதுவும் கிடையாது. உளுத்த அடிமரம், உதிர்ந்த யூகலிப்டஸ் பட்டை, மண்கட்டி, இவைதான் குறி. பச்சை மரத்தை அடிக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து ஆளுக்கு ஓர் அம்பு. யாருடையது குறிக்கு மிக அருகில் விழுகிறதோ, அவர்தான் அடுத்த குறியைக் காட்டுவார். எல்லாரும் அந்தப் பக்கமே நடந்துபோய் அம்பு பொறுக்க வேண்டும்.

“எப்பவும் அவரேதான் ஜெயிக்கிறார். சரி, கை அப்படி, விடு. ஒரே ஒரு தடவை எங்களைக் காட்ட விட்டா குறைஞ்சா போயிடுவார்? அதுவும் எப்பப் பாத்தாலும் கங்காரு சாணி கிடக்கற அந்த மேட்டுப் பக்கமே காட்டுவார். கீழே ஓடைக்கரை எவ்வளவு அழகா இருக்கு! நான் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு, அங்க ஒரு நாள் கால் வச்சதில்லை.”

“கேட்டுப் பாத்தியா?”

“கேட்டேனே. ‘யோவ் மெர்வ், மேட்டுல என்ன, பொண்ணு பாத்து வச்சிருக்கீரா?’ன்னேன். ‘ஆமா தாயே, உன்னைவிடக் கம்மியாப் பேசற பொண்ணு’ங்கறார்!”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒருமுறை குறி காட்டியவர் அடுத்த முறை காட்டக் கூடாது என்று சங்கத்தில் விதி கொண்டுவரப் போகிறாளாம். மெர்வைத் தவிர எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டாள். நோரீன் ஒருத்திதான் பாக்கி. செத்துப்போன கணவருடைய வில்லையே தூக்கிக்கொண்டு வருகிறவள். “எனக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டாளாம்.

அடுத்த வாரம் தெல்மா வந்ததும் மாவை ஓங்கி ஓங்கிக் குத்திப் பிசைந்தாள்.

“என்னடி ஆச்சு?”

சொன்னாள். சனிக்கிழமை பலத்த காற்று. மெர்வின் அம்பு விலகிப் போய்விட்டது. தெல்மாவுடையது குறியிலேயே முட்டியது. அவள் ஒரு குதி குதித்துவிட்டு, கீழே ஓடையோரம் கிடந்த வெள்ளை அடிமரத்தைக் காட்டினாள்.

மெர்வ் வில்லைத் தாழ்த்திவிட்டார். “முட்டி வலிக்குது. இன்னிக்குப் போதும், வாங்க, டீ குடிக்கலாம்.”

“தோத்ததும் முட்டி வலி வந்துடுச்சாக்கும்!”

“ஆமா, தோத்துட்டேன். திரும்பலாம் தாயே, தயவுசெஞ்சு.”

தெல்மா விடுவதாக இல்லை. அம்பைக்கூடத் தொடுத்துவிட்டாள். நோரீன்தான், “எனக்கும் குளிருது, போயிடலாம்” என்று நடக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் தெல்மா மெர்வைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். “விதி வந்தே தீரும். அப்புறம் என்ன பண்ணுவீர்னு பாக்கறேன்.”

மெர்வ் நோரீன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாராம்.

“அந்த ஓடைக்கரைலதான் இவ புருஷன் டெஸ்மண்ட் விழுந்தான். அம்பு எடுக்கக் குனிஞ்சவன் எந்திரிக்கலை. கூட நான் மட்டும்தான். எந்த இடம்னு இவ கேக்கலை, நானும் சொல்லலை. யாருகிட்ட சொன்னாலும் இவ காதுக்குப் போயிடும். வேற யாராவது ஜெயிச்சா என்னிக்காவது அந்தப் பக்கம் காட்டிடுவாங்க. இவ அங்க வந்து நின்னுடக் கூடாது. அதுக்குத்தான் தினமும் காலைல கொல்லைல நூறு அம்பு விட்டுப் பழகறேன். அந்த விதி வேண்டாம் தெல்மா.”

“பேராசைன்னு சொன்ன என் வாயைக் கழுவணும்” என்று தெல்மா அழுதாள். கையெழுத்து வாங்கிய தாளைக் கணப்பில் போட்டுவிட்டாளாம். நோரீனிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

எனக்கோ மனசு அடங்கவில்லை. காற்றில் அத்தனை நேரம் நின்ற நோரீனுக்கு, சரியாக அந்த நேரத்தில்தானா குளிர வேண்டும்? ஜெபம் சொல்லும்போதுகூட அதே யோசனை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பீடத்துப் பூக்களை மாற்ற நோரீனும் நானும்தான். பழைய பூவில் வாடாத நாலு தண்டாகப் பார்த்து அவள் தாளில் சுற்றினாள்.

“வீட்டுக்கா?”

“ஓடைக்கு.”

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

“எந்த இடம்னு ஆம்புலன்ஸ்காரர் அன்னிக்கே சொல்லிட்டார்” என்றாள். “மூணு வருஷமா வாராவாரம் போறேன். டெஸ்மண்ட் விழுந்த இடத்துல உக்காந்து ஒரு ஜெபமாலை சொல்லிட்டு வருவேன். மனசுக்கு நல்லா இருக்கும்.”

“அப்படின்னா, மெர்வ்...”

“டெஸ்மண்ட் போனப்புறம் ஆறு மாசம் அவன் கதவையே திறக்கலை. நான் கொண்டுபோற சாப்பாடு வாசல்லயே கிடக்கும். தான்தான் காப்பாத்தாம விட்டுட்டோம்னு நினைப்பு. நான் சங்கத்துல சேர்ந்துட்டேன்னு கேள்விப்பட்டதும்தான் எழுந்து வந்தான். எனக்குக் காவலாம்!”

சிரித்தபடியே தாளை மடித்தாள்.

“எனக்கென்ன, அம்பு விடவா தெரியும்? அவனை வெளியே கொண்டு வரத்தானே சேர்ந்ததே.”

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை அவர்களோடு காட்டுக்குப் போய் வாருங்கள். நோரீன் ஓடைக்குப் போவதை மட்டும் மெர்விடம் சொல்லிவிடாதீர்கள்.